தொண்ணூறாவது நாள் போன்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில போன் பேசற வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. கோவையில் ஒரு மருத்துவமனையின் வயிறு, குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வைப்பது என் பொறுப்பு. கணையத்தில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போனவர்களை 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் கூப்பிட்டு விசாரிப்பதும் அதில் சேர்த்தி. எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் எழுதுவேன்.

கேட்க லேசான வேலையாகத் தெரியும். ஆனால் ரிஜிஸ்டரில் இருக்கும் நம்பர் பல சமயம் நோயாளியுடையதே இல்லை. அட்மிஷன் அன்று கூட வந்த மச்சினனுடையதாக இருக்கும். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பார். நோயாளி தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருப்பார். "சாயந்தரம் கேட்டுச் சொல்றேனுங்க" என்பார். சாயந்தரம் நானே மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு. சிலர் சிம்மை மாற்றியிருப்பார்கள். சிலர் கீமோவுக்கு மகள் வீடு இருக்கும் ஊருக்குப் போயிருப்பார்கள். எடுக்காதவரையெல்லாம் "நலம்" கட்டத்தில் போட்டுவிட்டால் அந்த மாதக் கணக்கு அழகாக இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்தச் சதவீதம் வந்தாலும் அதற்கு அடியில் என்னைப் போல ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். அதனால் கட்டுரையைக் கையில் எடுத்தால் எனக்கு முடிவைவிட, யாரையெல்லாம் எண்ணினார்கள், எந்த நாள் வரை எண்ணினார்கள் என்பதில்தான் கண் போகும்.

ஆபரேஷன் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தால் அதை மட்டும் தனியாக எடுக்க முடியாது. முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையில் ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து வரும். அப்புறம் மீதிக் கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் குடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். 1909-இல் பெர்லினில் வால்தர் கவுஷ் இதைச் செய்தார்; 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'விப்பிள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1960-கள், 70-கள் வரை இதைச் செய்துகொண்டவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் வீடு திரும்பவில்லை. இப்போது நல்ல மையங்கள் 2, 3 சதவீதம் என்று எழுதுகின்றன.

அந்த 2, 3-ஐப் பார்த்தால்தான் எனக்கு உறுத்தும். அது பொய் என்று சொல்லவில்லை. எத்தனையாவது நாளில் எண்ணியது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்து 20,000-க்கும் மேற்பட்ட கணைய ஆபரேஷன்களை எடுத்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. 30 நாளில் இறந்தவர்கள் 3.7 சதவீதம். அதே ஆட்களை 90 நாள் வரை பின்தொடர்ந்தால் 7.4 சதவீதம். அப்படியே இரண்டு மடங்கு. வீட்டுக்குப் போய், சோறு இறங்காமல், உள்ளே சீழ் கட்டி, காய்ச்சலோடு பக்கத்து ஊர் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, திரும்பி வராமலே போனவர்கள் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று எண்ணினால் அவர்கள் எல்லாரும் 'நல்லபடியாக வீடு போனவர்கள்'தான்.

ஜெர்மனிக் கணக்கு இன்னும் கறாரானது. பெரிய மையங்கள் தங்கள் தங்கள் கணக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தபோது, 2009 முதல் 2013 வரை நாடு முழுக்க நடந்த 58,003 கணைய ஆபரேஷன்களையும், எந்த ஆஸ்பத்திரியையும் விடாமல், பில்லிங் பதிவுகளில் இருந்து எடுத்து எண்ணினார்கள். ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 10.1 சதவீதம். நல்ல கணக்கு வைத்திருக்கிறவர்கள்தான் கட்டுரை எழுதுகிறார்கள், மற்றவர்கள் எழுதுவதில்லை. கட்டுரைகளை மட்டும் கூட்டிப் பார்த்து அதுதான் நாட்டு நிலவரம் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். நம் நாட்டில் அப்படி விடாமல் எண்ணினால் என்ன வரும் என்று யோசிக்கவே தைரியம் வேண்டும்.

சரி, ஓர் ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் எதனால்? 2002-இல் ஜான் பிர்க்மேயர் குழு அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளைக் குடைந்து, பலவகைப் பெரிய ஆபரேஷன்களுக்கு இதைப் பார்த்தது. கணையத்தில்தான் வித்தியாசம் கண்ணை உறுத்தியது. வருஷத்துக்கு ஒன்றுகூடச் செய்யாத இடங்களில் 100-க்கு 16 பேர் இறந்தார்கள். வருஷத்துக்கு 16-க்கு மேல் செய்த இடங்களில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. நெதர்லாந்துக்காரர்கள் இதைப் படித்ததோடு நிற்கவில்லை. 2011 முதல், வருஷத்துக்கு 20 விப்பிளாவது செய்யாத ஆஸ்பத்திரி அதைத் தொடக்கூடாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அங்கே அப்படி ஒரு முடிவெடுக்க முடிகிறது. இங்கே அவிநாசி ரோட்டில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே எத்தனை போர்டு தொங்குகிறது என்று பார்த்தால் போதும்.

போர்டு என்றதும் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியில் துளை போட்டுச் செய்வதா என்று உலகமே விவாதித்துக்கொண்டிருந்தபோது, விப்பிளில் இரண்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட முதல் ஆய்வு கோவையில் இருந்துதான் போனது. ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு குழு செய்தது; 2017-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் வந்தது. 64 பேர், பக்கத்துக்கு 32. துளை போட்டுச் செய்தவர்கள் 7 நாளில் வீட்டுக்குப் போனார்கள், திறந்து செய்தவர்கள் 13 நாளில். இணைத்த இடத்தில் கசிவு, மற்ற சிக்கல்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. இறப்பு பக்கத்துக்கு ஒருவர். ராமநாதபுரம் சிக்னலுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வேலையை ஐரோப்பாக்காரர்கள் மேற்கோள் காட்டிப் பேசுவதைப் படிக்க எனக்கு இன்றும் ஒரு குஷிதான்.

ஆனால் அடுத்து வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நெதர்லாந்தில் நான்கு மையங்கள், வருஷத்துக்கு 20-க்கு மேல் விப்பிள் செய்கிறவை, அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்த சர்ஜன்கள், லெபர்ட்-2 என்ற பெயரில் அதே ஒப்பீட்டைச் செய்தார்கள். 99 பேர் ஆனபோது கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொல்லிவிட்டது. துளைப் பக்கம் சிக்கலால் இறந்தவர்கள் 50-க்கு 5, திறந்த பக்கம் 49-க்கு 1. புள்ளியியல் கணக்கில் இது உறுதியான வித்தியாசம் இல்லை, தற்செயலாகவும் நடந்திருக்கலாம். ஆனாலும் ஆறாவது ஆளுக்காகக் காத்திருக்க யாருக்கு மனசு வரும்? தேறி நடமாட ஆன நாளும் துளைப் பக்கம் 10, திறந்த பக்கம் 8. பிறகு 2021-இல் சீனாவில் 656 பேரோடு ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் சேர்ந்த சர்ஜன்கள் ஒவ்வொருவரும் துளை போட்டு 104 விப்பிளாவது முடித்தவர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அங்கே இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் மிச்சமானது ஒரே ஒரு நாள், 16-க்குப் பதில் 15.

ஒரே ஆபரேஷன், மூன்று நாடு, மூன்று பதில். "லேப்ரோல பண்ணுவாங்களா, கிழிச்சுப் பண்ணுவாங்களா?" என்றுதான் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் கேட்பார்கள். நாள் கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. எப்போது வீட்டுக்குப் போகிறார் என்பது உடம்பு மட்டும் முடிவு செய்வதில்லை. பந்தலூரில் இருந்து மலை இறங்கி வந்தவர், "எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டே போறோமுங்க" என்பார். பீளமேட்டுக்காரர் டியூப்போடு வீட்டுக்குப் போய்விடுவார்.

டியூப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த ஆபரேஷனில் உயிர் போகிற வழி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கணையத்தைக் குடலோடு இணைத்த இடத்தில் கசிவு வந்தால், வெளியே வருவது செரிமான நீர். கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கிற சரக்கு. கணையம் நாள்பட்ட வீக்கத்தில் கெட்டியாகிப் போயிருந்தால் தையல் நிற்கும். நல்ல, மிருதுவான கணையம் என்றால் நுங்கில் தையல் போடுவது மாதிரி. நோய் குறைவாக இருக்கிற கணையத்தில்தான் கசிவு அதிகம் என்பது குடும்பத்தாருக்குப் புரியவைக்க ரொம்பச் சிரமமான விஷயம்.

அதனால்தான் வயிற்றுக்குள் டியூப் வைத்து, மூன்றாம் நாள் அதில் வரும் நீரை லேபுக்கு அனுப்பி, கணைய நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ரத்தத்துக்கான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் கசிவு. இதிலும் எண்ணும் விதி மாறியிருக்கிறது. 2005-இல் சர்வதேசக் குழு ஒன்று கசிவை ஏ, பி, சி என்று தரம் பிரித்தது. 2016-இல் அவர்களே உட்கார்ந்து, அமைலேஸ் மட்டும் கூடி நோயாளிக்கு ஒன்றும் ஆகாத 'ஏ'யைக் கசிவுப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "கசிவு பாதியாகக் குறைந்துவிட்டது" என்று யாராவது ஸ்லைடு போட்டால், குறைந்ததில் ஒரு பங்கு பேனாவால் குறைந்தது என்று நினைவில் வைக்க வேண்டும்.

வார்டில் மூத்த நர்ஸ் ஒருவர் காலை ரவுண்டுக்கு முன்னால் டியூப் நீர் சேரும் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். வைக்கோல் நிறமா, கலங்கலா, சாம்பல் பூத்த மாதிரியா, லேசாக இளஞ்சிவப்பா. கடைசியாகச் சொன்னது வந்தால் அவர் உட்கார மாட்டார். கசிந்த நீர் பக்கத்து ரத்தக் குழாயின் சுவரை அரித்துக்கொண்டிருக்கும். பெரிய ரத்தப்போக்குக்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்னால் டியூப்பில் கொஞ்சமாகத் தலைகாட்டிவிட்டு நின்றுவிடும். நின்றதும் எல்லாருக்கும் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

எனக்குப் பிடித்த ஆய்வு இந்தப் பார்வையைத்தான் சோதித்தது. போர்ஷ் என்று பெயர், நெதர்லாந்தில் கணைய ஆபரேஷன் செய்யும் 17 மையங்களும் சேர்ந்தன, 1,748 நோயாளிகள், 2022-இல் லான்செட்டில் வந்தது. கத்தியில் எதையும் மாற்றவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் இன்னின்னதைப் பார், காய்ச்சல், சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வெள்ளணு, டியூப் நீர் இப்படி இருந்தால் இன்றைக்கே சி.டி. எடு, நீர் தேங்கியிருந்தால் வயிற்றைத் திறக்காமல் ஊசி வழியாக வடி என்று எல்லா மையத்துக்கும் ஒரே நடைமுறை. அவ்வளவுதான். ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு ஆகிய மூன்றில் ஏதாவது நேர்ந்தவர்கள் 14 சதவீதத்தில் இருந்து 8-க்கு வந்தார்கள். 90 நாள் இறப்பு 5-இல் இருந்து 3. எண்ணியது 90 நாள் வரை, யாரையும் விடாமல். புதுக் கருவி எதுவும் இல்லை என்பதால் இதை யாரும் பேனர் அடித்து ஒட்டமாட்டார்கள்.

ஆய்வு நன்றாகவே இருந்தாலும் அதில் எண்ணப்பட்டவர்கள் நம்மாட்களா என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கும். மஞ்சள்காமாலையோடு வந்தால் முதலில் பித்தக் குழாயில் ஸ்டெண்ட் என்ற சின்னக் குழாய் போட்டுப் பித்தத்தை வடித்துவிட்டு ஆபரேஷனா, நேராக ஆபரேஷனா என்று 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஒரு டச்சு ஆய்வு வந்தது. 202 பேர். நேராகச் செய்தவர்களில் 39 சதவீதத்துக்குப் பெரிய சிக்கல். முதலில் வடித்தவர்களில் 74 சதவீதத்துக்கு. பதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களுக்கு பிலிருபின், அதாவது காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமி, ஏறக்குறைய 2.3-இல் இருந்து 14.6 வரைதான். நம் பக்கத்தில் வலி இல்லாத காமாலை வந்தால் யாரும் நேராக ஸ்கேனுக்கு வருவதில்லை. கீழாநெல்லி, மோர்ச்சோறு, பத்தியம், எங்கேயோ ஒரு ஊரில் வேர் கட்டுகிறார்களாம் என்று வியாழன், ஞாயிறாகப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்கள். சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும், மலம் வெளுத்துப் போகும், அரிப்பில் ராத்திரி தூக்கம் இருக்காது. இங்கே வந்து சேரும்போது பிலிருபின் 20-ஐத் தாண்டியவர்களும் உண்டு. அந்த ஆய்வின் வாசலிலேயே அவர்களை நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்கு ஸ்டெண்ட் போடுகிற டாக்டரைப் பார்த்து "ஆய்வு வேண்டாம் என்கிறதே" என்று கேட்பது சரியில்லை.

கீமோவும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் நான்கு மருந்துக் கலவையில் பாதிப்பேர் 54.4 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், பழைய ஒற்றை மருந்தில் 35 மாதம் என்று 2018-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு பெரிய சேதிதான். ஆனால் அதில் இடம் கிடைத்தது 12 வாரத்துக்குள் தேறி எழுந்து நடமாடியவர்களுக்கு மட்டும். கசிவோடு இரண்டு மாதம் படுத்தவருக்கு அந்த 54-ஐக் காட்டி ஆசை மூட்டக்கூடாது.

இடையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பற்றி ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல் பக்கம் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்காமல் போவதில்லை. இளம் வயதிலேயே கணையத்தில் கல் கட்டி, சர்க்கரையும் வருகிற நோயைக் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளி தின்கிற ஊர்களில் அது அதிகம் தென்பட்டதால் பழி கிழங்கின் மேல் விழுந்தது. பின்னால் பார்த்ததில் அந்தப் பழிக்கு வலுவான ஆதாரம் சேரவில்லை. இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு போடுகிறவர் தாராளமாகப் போடட்டும். பீடியும் சாராயமும்தான் கணையத்துக்குக் கேடு, அதைக் கேட்க ஆளைக் காணோம்.

90-ஆம் நாள் போனில் இறப்பு, பிழைப்பு என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவைதான் அதிகம் வரும். காங்கயம் பக்கம் ஒரு வீட்டில் அம்மா எடுத்தார்.

"சொல்லு அம்மணி. நல்லாத்தான் இருக்காரு. ரெண்டு வாய் தின்னாலே வகுறு திம்முன்னு இருக்குதுங்கறாரு. வெளிக்குப் போனா எண்ணெயாட்டம் மெதக்குது."

"என்சைம் மாத்திரை போடறாருங்களா?"

"போடறாரு போடறாரு. எல்லா மாத்திரையும் தின்னு முடிச்சு அரமணி நேரங் கழிச்சு மொத்தமாப் போட்டுருவாரு."

கணைய நீருக்குப் பதிலாகச் செரிக்க வைக்கும் அந்த மாத்திரை சோற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வேலை செய்யும். அரை மணி கழித்துப் போட்டால் சோறு முன்னே போய்விடும், மாத்திரை பின்னே போகும். முதல் வாயோடு போடச் சொல்லி, அளவுக்கு டாக்டரைப் பார்க்கத் தேதியும் வாங்கிக் கொடுத்தேன். அவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் கணக்கில் வெற்றி. எடை எட்டுக் கிலோ குறைந்திருக்கிறது. எத்தனை ஆய்வுகளில் அந்த எட்டுக் கிலோவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது?

இதெல்லாம் தெரிந்தவள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேர் வந்துவிட்டதால், யாருக்காவது கணையத்தில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் எனக்குப் போன் வரும். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்வதில்லை; சொன்னால் நாளைக்கு எது நடந்தாலும் என் தலையில் விழும். சர்ஜனிடம் கேட்கச் சொல்லிச் சிலவற்றைக் கொடுத்துவிடுவேன். போன வருஷம் இந்த ஆபரேஷன் இங்கே எத்தனை நடந்தது? அதில் 90 நாள் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், போனில் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? ராத்திரி ரெண்டு மணிக்கு டியூப்பில் ரத்தம் வந்தால் சி.டி. எடுத்து, காலில் இருந்து குழாய் விட்டு அந்த ரத்தக் குழாயை அடைக்கிற டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? முதலமைச்சர் காப்பீட்டில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், கசிவு வந்து ஒரு மாதம் படுத்தால் அந்தச் செலவு எதில் சேரும்?

நல்ல சர்ஜன்கள் இதைக் கேட்டால் கோபப்படுவதில்லை என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சிலர் நம்பரைச் சொல்வார்கள், சிலர் "சரியாத் தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிப் பார்த்தும் சொல்வார்கள். "அதெல்லாம் நம்மகிட்ட வராதுங்க, பயப்படாதீங்க" என்று பதில் வந்தால், ஸ்கேன் சி.டி.யையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு இன்னோர் இடத்தில் காட்டச் சொல்கிறேன். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கீழாநெல்லிக்குப் போன வாரங்களைவிட அது உபயோகமான வாரம்.